பன்றிப் பேட்டைப் பந்தியில் ஒரு கொக்கு

மொந்தெரான்சோ
21 செப்டம்பர் 1986

ஒத்தாவியா,

இனிமேல் வீட்டுக்கு போன் செய்யாதே. உன் குரல் கேட்டதும் நான் வைத்துவிடுகிறேன், அம்மா அழுகிறாள், நோரினா என்னைத் திட்டுகிறாள். கர்ப்பிணிப் பெண்டாட்டியிடம் தினமும் திட்டு வாங்க என்னால் முடியாது. கேட்க வேண்டியதை எழுதியே கேட்டுவிடுகிறேன்.

போன வாரம் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். கழுத்தில் துணியைக் கட்டி உட்காரவைத்தாகிவிட்டது, எழுந்து ஓடவும் வழியில்லை. பக்கத்து நாற்காலியில் நம் எதிரிப் பேட்டையான பன்றிப் பேட்டைக்காரன் ஒருவன், முகம் நிறைய சோப்பு நுரை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் பேசினான்.

"லாப்போ, உன் தங்கச்சி தங்கம்டா. எங்க பந்தியில உக்காந்து எல்லாத்தையும் கேட்டுச்சு, ஒரு வார்த்தை வெளிய விட்டுச்சா பாரு! எங்க வீட்டுப் பொண்ணுங்களே அப்படி இருக்காது."

"என்னத்தக் கேட்டா?" என்றேன்.

"அடப்பாவி, உனக்கு இன்னும் தெரியாதா?"

கடையே சிரித்தது. கத்தரியை வைத்துவிட்டு முடிவெட்டுகிறவரும் சிரித்தார். இந்த வருடப் பேட்டைப் பந்தயத்தில் நம் குதிரையை ஓட்ட நாம் வெளியூரிலிருந்து கூட்டிவந்தோமே, ஊசி என்று பட்டப்பெயர் வைத்த அந்த ஆள், முந்தின நாளே பன்றிகளிடம் விலைபோய்விட்டானாம். ஊரில் நாய்க்கும் பூனைக்கும் தெரிந்த செய்தி. எனக்குத்தான் தெரியவில்லை.

நம் கொக்குப் பேட்டை பந்தயத்தில் ஜெயித்துப் பட்டுக்கொடி வாங்கி இருபத்தோரு வருடம் ஆகிறது. இந்த வருடம்தான் சீட்டுக் குலுக்கலில் செரெனா நமக்கு விழுந்தாள். அப்படியொரு குதிரை இனி எப்போது வரப்போகிறது? நான் அவளோடு லாயத்திலேயே படுத்துக்கிடந்தேன். இரண்டாவது திருப்பத்தில் அவள் பின்வாங்கியபோது அவளைத்தான் திட்டினேன், ஒத்தாவியா. அந்த வாயில்லா ஜீவனை. கடிவாளத்தை இழுத்தது ஊசி என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவன் தோளில் தட்டி ஆறுதல் வேறு சொன்னேன்.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? பல்கலைக்கழக பாஷையெல்லாம் வேண்டாம். ஒரு வார்த்தை போதும்.

லாப்போ


பொலோன்யா
29 செப்டம்பர் 1986

அண்ணா,

தெரியும்.

ஒரு வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன். மீதியை நீ படிக்காமல் கிழித்துப் போட்டாலும் நான் எழுதத்தான் போகிறேன்.

பந்தய வாரத்தை எதிரிப் பேட்டையில் கழிக்க வேண்டும், அப்போதுதான் ஆய்வு முழுமையாகும் என்று ஜூலையிலேயே உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். "போ, போ, பன்றி எப்படித் திங்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றாய். அவர்களின் தலைவர் கஸ்தோனே என்னைப் பந்தியில் உட்காரவைக்கும் முன், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: "இங்க கேக்குறது இங்கயே இருக்குமா, மகளே?" இருக்கும் என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு ரொட்டி வந்தது.

பந்தயத்தன்று மதியச் சாப்பாட்டில், எனக்கு வலப்பக்கம் இருந்தவர் இரண்டாவது கோப்பை மதுவுக்குப் பிறகு ஊசியின் கதையைச் சொன்னார். நான் கொக்கு என்பதை அவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அல்லது மறக்காமலேதான் சொன்னாரோ என்னவோ.

சாயங்காலம் பன்றிகளின் பக்கத்துத் தடுப்புக் கட்டை ஓரத்தில் நின்றேன். நீ செரெனாவை நடத்திக்கொண்டு வந்தாய். கையை நீட்டினால் உன் சட்டையைத் தொட்டிருப்பேன். நீ அவள் நெற்றியில் முத்தமிட்டு ஏதோ சொன்னாய். சொல்லிவிடக் கூடாதென்று கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நீ என்னைப் பார்த்து, முகத்தைச் சுளித்துப் பன்றிபோல் உறுமிக்காட்டிவிட்டுப் போனாய். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

"நீங்கள் யார்?" என்று கேட்டுக்கொண்டு வருடக்கணக்காக ஊர் ஊராகத் திரிகிறேன். எல்லோரும் முதலில் பேட்டையைச் சொல்கிறார்கள், பிறகு ஊரை. மூச்சு மிச்சமிருந்தால் தொஸ்கானா மாநிலத்தை. இத்தாலியன் என்று சொன்னவர்கள் எல்லாம் கால்பந்து உலகக் கோப்பை ஜெயித்த ராத்திரியை நினைவுபடுத்திக்கொண்டுதான் சொன்னார்கள். இத்தாலி என்பது என்ன என்று தெரிந்துகொள்ள, ஒரு வாரமாவது நான் கொக்காக இல்லாமல் இருந்து பார்க்க வேண்டியிருந்தது. இருக்க முடியவில்லை, அண்ணா. ஆனால் வாக்குக் கொடுத்திருந்தேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வாக்கைக் காப்பாற்றியதற்கு அல்ல. நீ செரெனாவைத் திட்டியதற்கு.

ஒத்தாவியா


மொந்தெரான்சோ
20 அக்டோபர் 1986

ஒத்தாவியா,

அம்மா பஸ் டிரைவரிடம் தக்காளிச் சாறு பாட்டில்கள் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அது அம்மா அனுப்பியது. நான் அனுப்பவில்லை.

உன் விஷயம் பேட்டைச் சபைக்குப் போய்விட்டது. நான் கொண்டுபோகவில்லை, முடிவெட்டும் கடைக்கு வாய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து எல்லோரும் பேட்டை மண்டபத்தில் கூடினோம். நம் தலைவரை உனக்குத் தெரியும், அதிகம் பேச மாட்டார். மற்றவர்கள் அவருக்கும் சேர்த்துப் பேசினார்கள்.

"நம்ம சோத்தைத் தின்னு வளந்தவ!"

"படிக்கப் போனா, கண்ணு மேல போயிருச்சு."

"எழுதிட்டுப் போகட்டும், யாரு வேண்டாங்கறா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அண்ணன் காதுல போட்டிருந்தா ஆளை மாத்தியிருப்போம்ல?"

எனக்கும் அதேதான் தோன்றுகிறது. ஆனாலும் எழுந்தேன். "அவ வாக்குக் குடுத்துட்டா. நம்மகிட்ட குடுத்திருந்தா நமக்கும் இப்படித்தான் காப்பாத்தியிருப்பா" என்றேன். மாவுமில்காரர் என்னைப் பார்த்து, "நம்மகிட்ட எதுக்குய்யா குடுக்கணும்? பொறந்தப்பவே குடுத்ததுதானே" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு தண்டனை பேசினார்கள். ஒன்று, ஐந்து வருடம் தள்ளிவைப்பது: பேர் ஏட்டில் இருக்கும், ஆனால் பந்தி, மண்டபம், ஊர்வலம் எதிலும் கால் வைக்கக் கூடாது. இன்னொன்று, பேரையே அடித்துவிடுவது. நம் பேட்டையில் பேர் அடிபட்டவன் என்று நான் யாரையும் பார்த்ததில்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அந்தப் பந்தியில் உனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் பேரைச் சொல்லிவிடு. அவனைப் பன்றிகளிடம் மாட்டிவிட்டு நாங்கள் வேடிக்கை பார்ப்போம். உன்னை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். பேர்தானே? ஒரு பன்றியின் பேர். உனக்கு என்ன நஷ்டம்?

சீக்கிரம் எழுது. நவம்பர் பதினாறாம் தேதி கை தூக்கி முடிவெடுக்கிறார்கள்.

லாப்போ


பொலோன்யா
28 அக்டோபர் 1986

அண்ணா,

பேரைச் சொல்ல மாட்டேன். அவருக்கும் ஒரு பேட்டை இருக்கிறது. அதில் அவருக்கும் உன்னைப்போல ஒரு அண்ணன் இருப்பான். நீங்கள் எனக்குச் செய்யப்போவதை அவர்கள் அவருக்குச் செய்வார்கள். அதற்கு நான் காரணமாக முடியாது.

தக்காளிச் சாறு வந்தது. ஒரு பாட்டில் வழியில் உடைந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லாதே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வேறு யாரிடம் சொல்ல? என் பேராசிரியை மோர்காந்தியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தோரினோக்காரர், ரொம்பக் கெட்டிக்காரர், என்மேல் உண்மையான பிரியம் உள்ளவர். கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "பிரமாதம், ஒத்தாவியா! தள்ளிவைக்கப்போறாங்களா? இதை மூணாவது அத்தியாயமா வச்சிருங்க. இப்படி ஒரு ஆதாரம் யாருக்குக் கிடைக்கும்?" என்றார். நானும் தலையாட்டினேன். நன்றி கூடச் சொன்னேன். அப்புறம் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் வெளியே கேட்காதிருக்க நன்றாகவே திறந்துவிட்டேன்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அடையாளம் ரத்தத்தில் வருவதல்ல, மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துவைப்பது என்பதுதான் என் ஆய்வேட்டின் வாதமே. செய்ததை அவிழ்க்கவும் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி உண்டா? ஆனால் அவிழ்க்கப்படுகிறவள் நான்.

சபை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்காகப் பேச வேண்டாம். கை தூக்கும்போது உன் கை மட்டும் கீழே இருக்கட்டும். கீழே இருந்தது என்று எனக்குத் தெரிந்தால் போதும், ஐந்து வருடத்தையும் தாங்கிக்கொள்வேன்.

ஒத்தாவியா


மொந்தெரான்சோ
17 நவம்பர் 1986

ஒத்தாவியா,

நேற்று முடிந்தது.

ஐந்து வருடத் தள்ளிவைப்போடு போயிருக்கும். பாதிப் பேருக்கு அதுவே அதிகம் என்றுதான் இருந்தது; உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள்தானே. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. கஸ்தோனே. பன்றிப் பேட்டைத் தலைவர் நம் மண்டப வாசலில்! கோட்டும் டையும் கட்டி, கையில் பூங்கொத்து.

"உங்க பொண்ணுக்கு அநியாயம் நடக்கக் கூடாதுன்னு வந்தேன். எங்க பேட்டையே அவளுக்குக் கடமைப்பட்டிருக்கு. எங்க வெற்றி விருந்துல அவளுக்குன்னு ஒரு நாற்காலி காலியா போட்டு வச்சோம்னா பாத்துக்குங்க."

அந்த ஆள் நல்லெண்ணத்தோடுதான் வந்தார் என்று சத்தியம் செய்வேன். ஆனால் அதற்கு மேல் உன்னைக் காப்பாற்ற அந்த மாதாவே வந்தாலும் முடியாது. நாற்காலி போட்டார்களாமே, நாற்காலி! பூங்கொத்தை வாங்கிவைக்கக்கூட யாரும் கை நீட்டவில்லை.

அவர் போனதும் ஒரே கூச்சல். நான் எழுந்தேன். தள்ளிவைப்பது போதாது, பேரை அடிக்க வேண்டும் என்று கேட்டவன் நான்தான். சொந்த அண்ணனே கேட்கும்போது மற்றவர்கள் எப்படித் தயங்குவார்கள்? கை தூக்கச் சொன்னபோது முதலில் தூக்கியதும் நான்தான்.

இதை வேறு யாராவது உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிட நினைத்தேன்.

லாப்போ


பொலோன்யா
24 நவம்பர் 1986

லாப்போ,

கடிதம் கிடைத்தது.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. பரீட்சை என்று அம்மாவிடம் சொல். நோரினா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒ.


பொலோன்யா
26 மார்ச் 1987

லாப்போ,

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பியாஞ்சா என்று பேர் வைத்திருக்கிறீர்கள் என்று அம்மா போனில் சொன்னாள். அதனால் எழுதுகிறேன். நல்லா இருக்கட்டும். உன் மூக்கு அவளுக்கு வராமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று என் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு நடந்தது. மற்ற மாணவர்கள் எல்லோருக்கும் பின்னால் ஒரு வரிசை நிறைய சொந்தக்காரர்கள், பூவும் கேமராவுமாக. எனக்குப் பின்னால் அம்மா மட்டும், மேல்கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு. நடுவர் குழுவில் நாப்பொலிக்காரர் ஒரு பெரியவர், புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"எல்லார்கிட்டயும் நீங்க யாருன்னு கேட்டிருக்கீங்க. இப்ப நான் கேக்குறேன். நீங்க யாரும்மா?"

பதில் தயாராக இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தையே ஒப்பித்திருக்கலாம். "நான் கொக்கு" என்றேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பேரை அடிச்சுட்டாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?"

"ஆமா, ஐயா. அடிச்சுட்டாங்க" என்றேன். சிரித்தார்கள், கேலியாக அல்ல. நூற்றுப்பத்துக்கு நூற்றெட்டு கொடுத்தார்கள். எழுந்து நின்று டாக்டர் என்று அறிவித்தார்கள். ஆய்வாளருக்கு வேண்டிய தூரம் மூன்றாம் அத்தியாயத்தில் இல்லை என்பதற்காக இரண்டு மதிப்பெண் போயிற்றாம். அந்த இரண்டையும் நீ வைத்துக்கொள்.

மோர்காந்தி எனக்கு மூன்று வருட ஆராய்ச்சி வேலை வாங்கித்தரத் தயாராக இருக்கிறார். மொந்தெரான்சோவின் நாலு பேட்டைகளையும் ஒன்றுவிடாமல் ஆராய வேண்டும். "இப்ப நீங்க எந்தப் பேட்டைக்கும் சொந்தமில்ல. எல்லாக் கதவும் திறக்கும். சுதந்திரம்னா இதுதான்" என்றார். மே கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நல்ல வேலை. இனி எனக்கு அந்த ஊரில் வேறு என்ன வேலை இருக்கிறது?

பைண்டு செய்த பிரதி ஒன்று அனுப்புகிறேன். படிக்காவிட்டாலும் பரவாயில்லை. எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன், நீ கை தூக்கியதை என் மனசு ஏற்கமாட்டேன் என்கிறது. ஐந்து வருடத்தை மற்றவர்கள் கொடுத்திருப்பார்கள். அதோடு விட்டிருக்கலாமே நீ?

ஒத்தாவியா


மொந்தெரான்சோ
3 மே 1987

டாக்டர் அம்மா,

உன் புத்தகத்தைப் படித்துவிட்டேன். ஒரு மாதம் ஆயிற்று. பியாஞ்சா தூங்குகிற நேரத்தில்தான் படிக்க முடியும், அவளோ தூங்குகிற ஜாதியே இல்லை. முதல் இரண்டு அத்தியாயம் புரியவில்லை. மூன்றாவது புரிந்தது. அதில் என்னை 'சகோதரர், வயது 31, குழாய் வேலை' என்று எழுதியிருக்கிறாய். போகட்டும்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். தள்ளிவைக்கப்பட்டவன் யார்? தண்டனையில் இருக்கும் கொக்கு. ஐந்து வருடத்துக்கு அவன் தலை மண்டபத்துக்குள் தெரியக் கூடாது. அதைக் குறைக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. பேர் அடிபட்டவள் யார்? யாருமில்லை. மிலானோவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவளைப்போல ஒரு வெளியாள். வெளியாளை நாம் என்ன செய்கிறோம், ஒத்தாவியா? உனக்குத் தெரியாததா? ஜூன் திருநாளில் விரும்பி வருகிற வெளியாட்களை, அந்த வருடத்துக் குழந்தைகளோடு வரிசையில் நிறுத்தி, பேட்டை ஊற்றில் ஞானஸ்நானம் கொடுத்துக் கொக்காக்குகிறோம். போன வருடம் மருந்துக்கடைக்காரரின் மாப்பிள்ளை கழுத்து வரை நனைந்து தும்மிக்கொண்டு நின்றான், நீயும்தானே கைதட்டினாய்.

கஸ்தோனே பூங்கொத்தோடு நின்றபோதுதான் எனக்கு அது மண்டையில் ஏறியது. அதனால்தான் அத்தனை சத்தம் போட்டுப் பேரை அடிக்கச் சொன்னேன். தலைவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தானும் கையைத் தூக்கினார்.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் அதையும் மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருப்பாய்! புத்தகம் ஊருக்கு வந்திருக்கும், காரியம் கெட்டிருக்கும். பன்றிகளுக்காக நீ வாயை மூடிக்கொண்டாயே, உனக்காக ஆறு மாதம் நான் மூடிக்கொள்ளக் கூடாதா? சுலபமாக இருந்தது என்று நினைக்காதே. கிறிஸ்துமஸ் அன்று அம்மா எனக்கு மட்டும் சூப் ஊற்றவில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பெரியவர்கள் என்றால் ஊற்றடியில் உறுதிமொழி உண்டு: பேட்டைக்குக் கெடுதல் என்று தெரிந்ததைப் பேட்டையிடம் மறைக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் நீ சொன்ன அந்தப் பெரிய வேலை போய்விடும். நாலு பேட்டைக் கதவும் திறக்காது, ஒன்றுதான் திறக்கும். உன் பேராசிரியை சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது. நான் கட்டாயப்படுத்த மாட்டேன். வெளியாள் தானாகத்தான் கேட்க வேண்டும், அதுதான் வழக்கம். கேட்டால் கைப்பிடித்து அழைத்துப்போக ஒரு கொக்கு வேண்டும். அந்த இடத்துக்கு நான் என் பேரைக் கொடுத்துவைத்திருக்கிறேன்.

கேட்காவிட்டால் அடித்துக்கொள்கிறேன். பேரைத்தான்.

லாப்போ


பொலோன்யா
14 மே 1987

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உன்னைக் கொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆறு மாதம்! தெருவில் ஒருவன் டாக்சிக்குக் கை தூக்கினால்கூட நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்கப்புறம் அறைத்தோழி பயந்துபோகிற அளவுக்குச் சிரித்தேன். அதற்கப்புறம் என்ன செய்தேன் என்று சொல்ல மாட்டேன், இந்த முறை குழாயைத் திறந்துவிடவில்லை.

நான்கு நாள் யோசித்தேன். மோர்காந்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு உறுதிமொழிக்காக மூணு வருஷ வேலையை விடுறீங்களா? சும்மா ஒரு சடங்கு அது. சொல்லிட்டு வந்து உங்க வேலையைப் பாருங்களேன்."

"சொல்லிட்டா காப்பாத்திருவேன், பேராசிரியை. அதான் பிரச்சினையே" என்றேன்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "இதையாவது ஒரு கட்டுரையா..." என்று ஆரம்பித்தார். மாட்டேன் என்றேன். இதை எங்கேயும் எழுதப்போவதில்லை, அண்ணா. வேறு ஊர் பார்க்கிறேன். வடக்கே எங்காவது, எனக்கு யாரையும் தெரியாத ஊராக. அங்கே பந்தியில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். வேறு யாருடைய அண்ணனாவது கோபித்துக்கொள்ளட்டும்.

அடையாளம் என்பது பிறப்பில் வருவதல்ல, கேட்டுப் பெறுவது, கொடுத்து வாங்குவது என்று இருநூறு பக்கம் எழுதினேன். எழுதும்போது அது மற்றவர்களைப் பற்றி என்றே இருந்தது. இப்போது இருபத்தைந்து வயதில், கத்துகிற கைக்குழந்தைகளோடு வரிசையில் நின்று, பிறந்தபோதே இருந்த ஒன்றைத் தாருங்கள் என்று கேட்கப்போகிறேன். வெட்கமாக இருக்கிறது. ரொம்ப ஆசையாகவும் இருக்கிறது.

தலைவரிடம் சொல்: பொலோன்யாவிலிருந்து ஒரு வெளியாள், பேர் ஒத்தாவியா, கொக்காக விரும்புகிறாள்.

பியாஞ்சாவும் இந்த வருட வரிசையில்தானே? தண்ணீரை முதலில் அவள் தலையில் ஊற்றச் சொல். பேட்டையில் அவள் எனக்கு மூத்தவளாக இருக்கட்டும்.

உன் தங்கை
ஒத்தாவியா